ஜன்னல் கட்டில் பிள்ளை

ருபீனாவிடம் போனில் "மூணாவது கட்டில் பிள்ளைக்கு ரத்தம் பாத்தாச்சா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாத நர்ஸ் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. காய்ச்சல் கட்டிலுக்கா, பிள்ளைக்கா என்று எதிர்க்கேள்வி வரும். தாய் பெயரைச் சொல், நான் திருப்பிச் சொல்கிறேன். முடிவை நான் சொல்கிறேன், நீ திருப்பிச் சொல். அதற்கப்புறம்தான் போனை வைக்கலாம். இதில் அவளுக்குப் பெரியவர் சின்னவர் வித்தியாசமே இல்லை. நியூ கினியின் வடகரையில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். சோதனைக்கூடத்தில் மட்டும் எப்போதும் ருபீனா இருந்தாள். அவள் கையில் ஒரு சீசா மாறிப்போனது என்று எவரும் விரல் நீட்ட முடியாது. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. அதை மறைக்க அவள் மெனக்கெட்டதும் இல்லை.

பச்சைப்பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கண்டிப்பு இன்னும் ஒரு படி ஏறும். காரணம் இருந்தது. அந்தக் கரையில் பிள்ளை பிறந்த உடனே பெயர் வைக்க மாட்டார்கள். முகம் பார்த்துச் சிரித்து, முட்டுக்கொடுத்தால் உட்காருகிற அளவுக்கு வந்த பிறகுதான் பெயர். அதுவரை ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் சீசாவிலும் 'இன்னாரின் பிள்ளை' என்று தாய் பெயர்தான் இருக்கும். தாய் பெயரை விட்டால் பிள்ளைக்கு வேறு அடையாளம் ஏது?

இப்படிப்பட்டவள் மழை பெய்த ஒரு காலைப் பொழுதில், தன் வாயாலேயே, கட்டிலைச் சொல்லி முடிவு சொன்னாள்.

அந்தப் பிள்ளை அவளுடைய தம்பி பொனிபாஸின் பிள்ளை. முதல் பிள்ளை, ஆண்பிள்ளை. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பால் குடிக்கவில்லை, தொட்டால் ஜில்லென்றிருக்கிறது, அழுகை பூனைக்குட்டி மாதிரி வருகிறது என்று பயந்துபோய்ப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பொனிபாஸ் பெண்டாட்டியையும் பிள்ளையையும் வார்டில் விட்டுவிட்டு, சாப்பாட்டுக்குக் கிழங்கும் மீனும் கொண்டுவருகிறேன் என்று ஊருக்குத் திரும்பிவிட்டான். ஆஸ்பத்திரியில் தாய்க்குச் சோறு போட மாட்டார்கள். ஊரிலிருந்துதான் வர வேண்டும்.

கூடப்பிறந்தவன் பெண்டாட்டி என்றால் அவள் தம்பு. தம்புவின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. எழுதலாம், படிக்கலாம், மனசுக்குள் நினைக்கலாம். நாக்கில் வரக்கூடாது. சொன்னால் நாக்கு புழுத்துப்போகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இப்போது யாரும் நம்புவதில்லை. ஆனாலும் யாரும் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் அது அவளை ஊர் நடுவில் நிறுத்தித் துணியை உருவியது போல. ருபீனாவும் அவளும் ஒருவரையொருவர் தம்பு என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் பெயரை நாமும் இப்போது சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டிய நேரம் தானாக வரும்.

டாக்டர் இல்லாத நாட்களில் கிலியான்தான் டாக்டர். படித்தது சுகாதார அலுவலர் படிப்பு, செய்வது எல்லாமே. அவர் பிள்ளையைப் பார்த்தார். உச்சந்தலையில் எலும்பு கூடாத இடத்தை விரலால் தடவினார். அது புடைத்திருந்தது. முதுகெலும்பில் ஊசி விட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், மூளைக்கு மேலே சுற்றி ஓடுகிற அதே நீர்தான், கிருமி ஏறியிருந்தால் அதில் தெரிந்துவிடும் என்றார். தாய் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். முதுகுத் தண்ணி எடுத்த பிள்ளை பிழைக்காது என்பது அந்தக் கரை முழுக்கத் தெரிந்த சங்கதி.

கிலியான் ருபீனாவுக்கு ஆள் அனுப்பினார். ருபீனா வந்து, தம்பிக்கு அக்காவாகவும் சோதனைக்கூடத்துக்காரியாகவும் பேசினாள்.

"தண்ணி எடுத்ததால எந்தப் பிள்ளையும் சாகல, தம்பு. நீங்க எல்லாம் கடைசி மூச்சுல கொண்டாந்து எடுக்க விடுறீங்க. அதான் சாகுது."

"எடுத்த பிள்ளை ஒண்ணு வீட்டுக்குப் போய் நான் பாக்கலியே."

"இது போகும். அந்தத் தண்ணி என் கைக்குத்தான் வரும். வேற ஒருத்தர் தொட மாட்டாங்க. நானே பாத்து நானே சொல்றேன். என் மேல நம்பிக்கை இல்லியா?"

அவள் மார்போடு அணைத்திருந்த பிள்ளையைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிறகு, "உன்னை நம்பித்தான் குடுக்கறேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும், வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னல் கட்டிலில் வைத்தே கிலியான் நீர் எடுத்தார். அப்போதைக்குச் சாதாரண ஊசி ஒன்றும் போட்டார். கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பெரிய மருந்தைப் போட வேண்டும். அது கைவசம் கொஞ்சம்தான் இருந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் போட முடியாது. அப்போதுதான் வேலைக்கு வந்த சிஸ்டர் தெக்லாவிடம், "ஜன்னல் கட்டில் சோதனை முடிவுக்குக் காத்திருக்கட்டும். கதவோரக் கட்டில் பிள்ளைக்குக் கண் சரியாப்போச்சு, சொட்டு மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு, ஆற்றுக்கு அப்பால் ஒரு பிரசவச் சிக்கலைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

சீசா சோதனைக்கூடத்துக்கு வந்தது. மேலே ஒட்டியிருந்த பெயரை ருபீனா கண்ணால் படித்தாள்.

நல்ல நீர் என்றால் இளநீரைவிடத் தெளிவாக இருக்கும். சீசாவுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். அவள் பிடித்துப் பார்த்தாள். எழுத்து தெரியவில்லை. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னலருகே போய் மறுபடி பிடித்தாள். அங்கேயும் அதே கலங்கல்தான்.

பிறகு கை தன் பாட்டில் வேலை செய்தது. அந்த நீரைக் காக்க வைக்க முடியாது. அந்த வெக்கையில் கொஞ்ச நேரம் விட்டால் அதிலுள்ள அணுக்கள் கரைந்துபோய், நோய் இருந்தும் இல்லாதது போல் காட்டிவிடும். கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் எண்ண உட்கார்ந்தாள். பெரியவர்களைவிடப் பச்சைப்பிள்ளைக்கு நாலு அணு கூட இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று அவளே புதுசாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். இது நாலு கூட இல்லை. ஒரு கட்டத்தையே எண்ண முடியவில்லை, திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்துக் கிடந்தன. சர்க்கரை பார்க்கும் பட்டையை நனைத்தாள். நிறமே மாறவில்லை. இருந்த சர்க்கரையையெல்லாம் ஏதோ தின்றுவிட்டது. இன்னொரு துளியைக் கண்ணாடியில் தடவி, தீயில் வாட்டி, ஊதாச் சாயம் விட்டு, கழுவி, சிவப்புச் சாயம் விட்டு, காயவைத்து, லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

சிவப்புக் குச்சிகள். சீழ் அணுக்களுக்கு உள்ளேயும் வெளியேயும் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள்.

ருபீனா இதற்கு முன் எத்தனையோ பிள்ளைகளின் நீரில் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தவுடன் எழுதுவாள், போன் செய்வாள், அடுத்த சீசாவை எடுப்பாள். இன்று பேனாவையே எடுக்கவில்லை. தன் தம்பியின் மகன் தலைக்குள் அந்தக் குச்சிகள் நீந்திக்கொண்டிருக்கின்றன. லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தால் பொய்யாகிவிடும் என்பதுபோல் மறுபடி மறுபடி பார்த்தாள். பிறகு எழுந்து ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"சிஸ்டர், சோதனைக்கூடம். காலைல எடுத்த முதுகுத் தண்ணி. சீழ் அணு எண்ண முடியல, அவ்வளவு இருக்கு. கிருமிய என் கண்ணால பாத்துட்டேன். பெரிய மருந்து இப்பவே போடணும்."

"அடக் கடவுளே. யாரோட பிள்ளை?"

ருபீனா வாயைத் திறந்தாள். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பதினைந்து வருஷம் ஊரையெல்லாம் சொல்லச் சொல்லிப் படுத்திய வாய் அது. சோதனைக்கூடத்து உதவியாள் அன்று இருந்திருந்தால் போனை அவன் கையில் கொடுத்திருப்பாள். அவன் சாயச் சீசாக்கள் வாங்க விமான தளத்துக்குப் போயிருந்தான்.

மலைநாட்டிலிருந்து வந்த நர்ஸ் யாராவது போனின் அந்தப் பக்கம் இருந்திருந்தால், பேரைச் சொல்லுடி, உனக்கு என்ன வாயில கொழுக்கட்டையா என்று கேட்டிருப்பாள். கெட்ட நேரம், சிஸ்டர் தெக்லா அதே கரைக்காரி, மரியாதை தெரிந்தவள். அந்த மௌனம் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

"உனக்குச் சொல்ல வராத பேரா?"

"ஆமா."

"சரி, சரி, சொல்ல வேணாம் விடு. எந்தக் கட்டில்னு மட்டும் சொல்லு."

"ஜன்னல் கட்டில்."

"ஜன்னல் கட்டில். இப்பவே போடறேன்" என்று தெக்லா ஒழுங்காகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

எழுத்துக் கூட்டிச் சொல்லியிருக்கலாமே, காகிதத்தில் எழுதிக்கொண்டு மேட்டிலுள்ள வார்டுக்கு ஓடியிருக்கலாமே என்று பிற்பாடு நிறையப் பேர் கேட்டார்கள். கேட்கிறவர்களுக்கு என்ன? அந்த நிமிஷத்தில் ருபீனாவுக்கு இருந்தது ஒரே நினைப்பு, மருந்து ஏற வேண்டும். ஏறப்போகிறது. அவள் முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மிச்சமிருந்த சீசாக்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மதியம் மழை விட்டது. ருபீனா சோறும் கீரையும் டின் மீனும் தூக்குப் போணியில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வார்டுக்குப் போனாள். வாசலில் தெக்லா எதிர்ப்பட்டு, மருந்து காலையிலேயே போட்டாச்சு, பிள்ளை நல்லாத் தூங்குது, கவலைப்படாதே என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள். ருபீனா அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜன்னல் கட்டிலில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். தீவுப் பெண், முகத்தில் நீலப் பச்சைக்குத்து. ஜன்னலுக்கு வெளியே எட்டி வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டு, ஆளைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டாள். மடியில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை. அதன் தொடையில் புதுப் பஞ்சு ஒட்டியிருந்தது.

ருபீனா அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு வார்டு முழுக்கப் பார்த்தாள். அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"இங்க இருந்தவங்க எங்க?"

அப்பொலோனியா என்ற அந்தப் பெண் மிரண்டுபோய் மெதுவாகச் சொன்னாள். "அந்த அக்காதான் மாத்திக்கலாமான்னு கேட்டாங்க. தண்ணி எடுத்த கட்டில்ல பிள்ளையப் படுக்க வைக்க மாட்டேன்னாங்க. எனக்கும் ஜன்னல் வேணும். கதவுகிட்ட இருந்தா பாக்கு போட்டுத் துப்ப முடியல, சிஸ்டர் திட்டறாங்க. ரெண்டு பாக்கு குடுத்தேன், மாத்திக்கிட்டோம்."

"உன் பிள்ளைக்கு முதுகுல ஊசி போட்டாங்களா?"

"இல்லியே. கண்ணுதான் ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

ருபீனா மடியிலிருந்த பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முதுகு வழவழவென்றிருந்தது. பஞ்சும் இல்லை, புள்ளியும் இல்லை. அவள் கதவோரக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். விரித்த பாயைக்கூடச் சுருட்டியாகிவிட்டது.

"கதவோரம் இருந்தவங்க எங்க, சிஸ்டர்?" என்று கேட்டாள்.

தெக்லா திக்கித் திக்கிச் சொன்னாள். அந்தக் கட்டில் பிள்ளைக்குச் சரியாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்பு என்று கிலியான் சொன்னார். அதனால் சொட்டு மருந்து கொடுத்து, போகலாம் என்று சொன்னாள். அந்தத் தாய் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்து, "என் தம்பு சொல்லிட்டாங்களா? எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். தெக்லா, எல்லாம் நல்லா இருக்கு போம்மா என்றிருக்கிறாள்.

தூக்குப் போணி எங்கே விழுந்தது என்று ருபீனாவுக்குத் தெரியாது. செருப்பு ஒன்று மேட்டிலேயே கழன்றது. அவள் படகுத்துறைக்கு ஓடினாள். பெயரைச் சொல்லியிருந்தால் தெக்லா அந்தப் பெயரைக் கூப்பிட்டிருப்பாள், கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்திருக்கும், மருந்து அங்கே போயிருக்கும். இந்த எண்ணம் அவள் கூடவே ஓடி வந்தது. அவள் அதை உதறப் பார்த்தாள், முடியவில்லை.

துறையில் சந்தை கலைகிற நேரம். மூன்று படகுகள் ஒரே சமயத்தில் கிளம்பியிருந்தன. அலை வற்றிப் பாறை தட்டும் என்பதால் எந்திரத்தைப் போடாமல் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்றிலும் மழைக்கு நீலப் படுதா போர்த்தியிருந்தது. படுதாவுக்குக் கீழே பெண்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. பாறையைத் தாண்டியதும் ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே, ஒன்று தீவுக்கு. எந்தப் படகில் அவள் இருக்கிறாள்?

"படகு! நில்லுங்க!" என்று ருபீனா கத்தினாள். ஒரு படகோட்டி திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினான். இடம் இல்லை, அடுத்த படகில் வா என்று அர்த்தம். அந்தத் துறையில் நாள் முழுக்க யாராவது ஒருவர் படகை நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

"தம்பு! தம்பு!"

கரையில் காய் விற்றுக்கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேர் நிமிர்ந்தார்கள். தன்னைத் தம்பு என்று கூப்பிட ஆளில்லாதவர் அந்தக் கரையில் யார்? படகுகளில் யாரும் அசையவில்லை. முன்னால் போன படகு பாறையைத் தாண்டப் போகிறது. எந்திரத்தின் கயிற்றை ஒருவன் கையில் சுற்றுகிறான். எந்திரம் உறுமிவிட்டால் அப்புறம் எதுவும் காதில் விழாது. பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்து, நாளை மறுநாள் ஓலைப்பாயில் சுற்றிவைத்த சேதிதான் திரும்பி வரும்.

ருபீனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள்.

"எர்மெலிண்டா!" என்று கத்தினாள். "எர்மெலிண்டா! பிள்ளையக் கொண்டா! எர்மெலிண்டா!"

கரை அப்படியே உறைந்துபோயிற்று. காய் நிறுத்துக்கொண்டிருந்தவள் தராசைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ருபீனா யார், அவள் தம்பி யாரைக் கட்டினான் என்று அங்கே பாதிப்பேருக்குத் தெரியும். கயிற்றைச் சுற்றியவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். ஒரு பெண் தன் தம்புவின் பெயரைக் கடலைப் பார்த்துக் கத்துவதை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. கேட்ட அவனுக்கே கூசியது.

நடுப் படகில் படுதா விலகியது. எர்மெலிண்டா எழுந்து நின்றாள். அவள் முகம் அடிபட்டவள் முகம் போல இருந்தது. தன் பெயர்தானா அது, அந்த வாயிலிருந்தா வந்தது என்று அவளால் நம்ப முடியவில்லை. பிறகு ருபீனாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும், மடித்த துணிக்குள்ளிருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தாள்.

பிள்ளை வில்லாகப் பின்னால் வளைந்திருந்தது. கண் மேலே செருகியிருந்தது. வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. ருபீனா அதை வாங்கிக்கொண்டு மேட்டில் ஓட, எர்மெலிண்டா உடம்பில் ஒட்டிய ஈரத் துணியோடு பின்னால் ஓடி வந்தாள். தெக்லா வாசலிலேயே மருந்தேற்றிய ஊசியோடு நின்றாள். ருபீனாதான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அவர்களுக்கு அது சுருக்கமாக இல்லை. மூன்று வாரம் ஊசி. முதல் சில நாள் இன்று போகுமா நாளை போகுமா என்றிருந்தது. கிலியான் திரும்பி வந்து கேட்டபோது, கட்டிலைச் சொன்னது நான்தானே முதலில் என்று தலையில் அடித்துக்கொண்டார். தெக்லா அழுதாள். அப்பொலோனியாவின் பிள்ளைக்கு அந்த மருந்தால் கெடுதல் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் மட்டும் தன் ரெண்டு பாக்கால்தான் இவ்வளவும் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு, போகும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ருபீனா யாரையும் குறை சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து மதியம் வரை, அரை நாள், அந்தச் சிவப்புக் குச்சிகளுக்குத் தடையில்லாமல் நேரம் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் தடவை நீர் எடுக்கும்போது எர்மெலிண்டாவே பிள்ளையை வளைத்துப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் கட்டிலில்தான். ருபீனா சீசாவைச் செய்தித்தாளுக்கு முன்னால் பிடித்தாள். எழுத்து தெரிந்தது. ஒரு சோப்பு விளம்பரம். அதை அவள் ஐந்தாறு முறை படித்தாள்.

பிழைத்துவிட்டது, சரி. பெயரைச் சொன்னது? அது தனி வழக்கு. பொனிபாஸ் அக்காவிடம் பேசுவதை நிறுத்தினான். எர்மெலிண்டாவின் அண்ணன்மார்கள், பிள்ளை உயிருக்காகத்தான் சொன்னாள் என்பது புரிகிறது, ஆனாலும் கடற்கரை முழுக்கக் கேட்கச் சொன்னாள் அல்லவா, ஒரு பன்றியாவது கொடுத்தால்தான் எங்கள் தங்கச்சி தலை நிமிர முடியும் என்றார்கள். ருபீனா பன்றிக்கு ஏற்பாடு செய்தாள். பன்றியைக் கழியில் கட்டி ஊருக்குக் கொண்டுபோய் இறக்கிய அன்று, ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எர்மெலிண்டா நடுவில் வந்து நின்றாள்.

"எனக்குப் பன்றி வேணாம். என் பேரக் கத்துன வாயாலயே என் பிள்ளைக்குப் பேர் வைக்கட்டும். அது போதும்."

பெயர் வைப்பது தாய்மாமனின் உரிமை. அதைத் தகப்பனின் அக்காவுக்குக் கொடுப்பது என்பது சின்ன விஷயம் இல்லை. மாமன்மார்கள் முணுமுணுத்தார்கள், பன்றியைப் பார்த்தார்கள், சரி என்றார்கள். ருபீனா அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொனிபாஸ் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மாதங்கள் போயின. பிள்ளை தேறிக் கன்னம் வைத்தது, முகம் பார்த்துச் சிரித்தது, பின்னால் கை கொடுத்தால் உட்கார்ந்தது. பெயர் வைக்கிற நாளன்று ஊர் கூடியது. தேங்காய் துருவி, சவ்வரிசி மாவில் அடை சுட்டு, மீனை இலையில் கட்டி நெருப்பில் போட்டிருந்தார்கள். எர்மெலிண்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளையை வந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இவன மாதிரி சமத்து கிடையாது, தம்பு. ராத்திரி நாய் குலைச்சாலும் முழிக்கறதில்ல. காதுகிட்ட சேவல் கூவினாலும் அப்படியே தூங்கறான்."

ருபீனா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பாதியில் சிரிப்பு நின்றது. அந்த நோய் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகும் என்று அவள் படித்திருந்தாள். இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். எத்தனையோ பிள்ளைகள் நன்றாகத் தூங்குகின்றன.

அங்கே பெயர் வைக்கிற முறை இது. தாய் மடியில் பிள்ளையைக் கூட்டத்தைப் பார்த்து உட்கார வைப்பார்கள். பெயர் வைப்பவர் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிள்ளை திரும்பிப் பார்க்கும். திரும்பினால் பெயரை ஏற்றுக்கொண்டது என்று எல்லாரும் கைதட்டிச் சாப்பிடப் போவார்கள். திரும்பாத பிள்ளை இதுவரை இருந்ததில்லை.

ருபீனா பின்னால் போய் நின்றாள். செத்துப்போன தன் அப்பாவின் பெயரைத் தேர்ந்து வைத்திருந்தாள்.

"கஸ்பார்" என்றாள்.

பிள்ளை நெருப்பிலிருந்து எழும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ, அத்தைக்குக் குரலே வரலியே, அன்னிக்குக் கத்துன மாதிரி கத்து என்று கிண்டல் செய்தார்கள். கூட்டம் சிரித்தது.

"கஸ்பார்!"

பிள்ளை கையை நீட்டிப் புகையைப் பிடிக்கப் பார்த்தது. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. பொனிபாஸ் எழுந்து நின்றான். எர்மெலிண்டாவின் தோள் விறைத்தது. அவள் திரும்பாமலே, யாருக்கும் கேட்காத மாதிரி, "இன்னொரு தடவ கூப்பிடு, தம்பு" என்றாள்.

ருபீனா மூச்சை இழுத்துக் கத்தினாள். அன்று கடலில் மூன்று படகை நிறுத்திய குரல். தென்னை மட்டையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த வேறொரு பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டது.

கஸ்பார் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ருபீனா மெதுவாகச் சுற்றி வந்து அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். அத்தையின் முகம் தெரிந்ததும் அவன் வாய் கொள்ளாமல் சிரித்தான்.